ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஐசியைச் சுற்றி: உப்புக்காற்றில் சர்க்கியூட் போடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் என் ரிப்பேர் கடை. மைக்செட், வீட்டு ஹோம் தியேட்டர், வேன் ஆம்ப்ளிஃபயர், படகில் பாட்டுக் கேட்கும் பெட்டி எல்லாம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், அந்த நாட்களில் மேசையில் கை வைக்க இடம் இருக்காது. வருகிறவர்கள் பெரும்பாலும் "ஐசி போச்சுண்ணே, வேற ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றுதான் சொல்வார்கள். வேறு ஐசி போட்டால் பாடும். ஒரு வாரம் கழித்து அதே பெட்டி திரும்ப வரும். ஐசி தானாகச் சாவது அபூர்வம், பக்கத்தில் இருப்பவைதான் அதைக் கொல்கின்றன. அதனால் கீழே இருப்பதில் பாதி ஐசியைப் பற்றியே இருக்காது.

முதல் தடவையாகச் செய்கிறேன், எந்த ஐசியை எடுக்கலாம்?

12 வோல்ட்டில் ஓட்டப் போகிறீர்கள், ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் டிடிஏ 7297. இரண்டு சேனலும் ஒரே ஐசியில் இருக்கும், 6 முதல் 18 வோல்ட் வரை வேலை செய்யும், உள்ளேயே கெயினை, அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை, நிலையாக வைத்திருக்கிறார்கள், வெளியில் போட வேண்டிய பாகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாகம் குறைந்தால் நம் தவறும் குறையும், அதுவும் துளை துளையாக இருக்கும் டாட் போர்டில் முதல் தடவை ஈயம் வைக்கிறவருக்கு.

செல்போன் சார்ஜரில் ஓடும் சின்னப் பெட்டி போதும் என்றால் பிஏஎம் 8403. அது 5 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 3 வாட் தரும். உச்சவரம்பு 5.5 வோல்ட், 12 வோல்ட்டைத் தொட்டால் அந்த நொடியே முடிந்தது. டிடிஏ 2030 நல்ல ஐசிதான், ஆனால் ஒன்று ஒரு சேனலுக்கு மட்டும், ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். எல்ஏ 4440 பற்றிக் கீழே தனியாகத் திட்டியிருக்கிறேன்.

என் போர்டில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் அது வருமா?

வராது. கணக்கு சின்னதுதான், போட்டுப் பார்ப்போம். சாதாரண ஐசியின் வெளியீடு 12 வோல்ட்டுக்குள்தான் மேலும் கீழும் ஆட முடியும், அதிலும் இரண்டு வோல்ட் ஐசிக்குள்ளேயே போய்விடும், மிச்சம் 10. நடுவில் இருந்து பார்த்தால் உச்சம் 5 வோல்ட். 5ஐ 5ஆல் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரட்டிப்பால் வகுத்தால் வாட் கிடைக்கும். 4 ஓமுக்கு 25 வகுத்தல் 8, மூன்று வாட் சொச்சம். அவ்வளவுதான்.

பிரிட்ஜ் முறை என்றால் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். உச்சம் 10 வோல்ட்டாகும், வாட் நான்கு மடங்காகும்: 4 ஓமுக்கு 12.5, 8 ஓமுக்கு 6 சொச்சம். டிடிஏ 7297 இந்த முறைதான். அதன் டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனி தரும் விவரத்தாளில், உள்ள 15 வாட்கூட 16.5 வோல்ட்டில், 8 ஓமில், பத்து சதவீதம் குரல் கெட்ட நிலையில் அளந்தது. குரல் கெடாமல் வேண்டும் என்றால் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். போர்டின் மேல் 100 என்று அச்சடிக்க மை மட்டும் போதும்.

ஸ்பீக்கர் மைனஸ் வயரை எல்லாம் சேர்த்துப் பாடியில் கொடுத்துவிட்டேன். ஐசி சூடாகிறது, பாடவில்லை. ஏன்?

வேன்காரர்களும் படகுக்காரர்களும் தவறாமல் செய்யும் வேலை இது. பிரிட்ஜ் ஐசியில் ஸ்பீக்கருக்கு மைனஸ் என்று ஒன்று கிடையாது. இரண்டு முனையும் வெளியீடுதான், பேசாமல் இருக்கும்போதும் இரண்டிலும் சப்ளையில் பாதி, அதாவது 12 வோல்ட்டுக்கு 6 வோல்ட், நின்றுகொண்டிருக்கும். இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் ஸ்பீக்கர் வழியாக ஒன்றும் ஓடாது. ஒரு முனையை இரும்பில் தட்டினீர்கள் என்றால் அந்த வெளியீடு நேராக ஷார்ட், மறுபக்கத்து 6 வோல்ட் முழுவதும் ஸ்பீக்கர் காயிலுக்குள். ஐசியில் பாதுகாப்பு இருந்தால் பிழைக்கும். காயில் கருகாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நான்கு வயரையும் தனித்தனியாக இழுங்கள், வேறு வழியே இல்லை.

12-0-12 டிரான்ஸ்ஃபார்மரா, 15-0-15ஆ?

நடுமுனைக்கு இரண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி தருவது 12-0-12, 15 தருவது 15-0-15. இங்கேதான் அதிகம் ஐசி சாகிறது. 12 வோல்ட் ஏசியை டையோடில் விட்டுக் கண்டன்சரில் நிரப்பினால் 12 வராது, 1.414ஆல் பெருக்கிய 17 வரும். டையோடில் கொஞ்சம் போக, நடுமுனையை எர்த்தாக வைத்து பிளஸ் மைனஸ் இரண்டும் எடுத்தால் பக்கத்துக்கு 16.3. இதுவே 15-0-15 என்றால் 20.5. சாதாரண டிடிஏ 2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வரை, 'ஏ' எழுத்துப் போட்ட 2030ஏ 22 வரை. கடையில் எழுத்தைப் பார்க்காமல் வாங்கி 15-0-15 கொடுத்தால் பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை.

சரி, 12-0-12 பத்திரமா? நம் பக்கத்து மின்சாரத்தை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. சாயங்காலம் லைன் கடைசியில் இருக்கிற தெருவில் 180க்கு இறங்கும், நள்ளிரவில் எல்லாரும் படுத்தபின் 250ஐத் தொடும். 230க்கு 16.3 வந்தது 250க்கு 17.7 ஆகிவிடும், பாட்டு ஓடாதபோது சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் ஒரு வோல்ட் கூடக் காட்டும். 18ஐ நெருங்கிவிட்டதா? அதனால் 2030ஏ போடுங்கள், அல்லது 9-0-9 எடுத்துக் கொஞ்சம் வாட் குறைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டிடிஏ 7297க்கு ஒற்றை சப்ளை போதும், 9 வோல்ட் ஏசிக்கு நாலு டையோடு பிரிட்ஜ் போட்டால் 11 சொச்சம் வரும், நிம்மதி. அதற்கே 12 வோல்ட் ஏசி கொடுக்கிறவர்கள் நள்ளிரவில் 17 தாண்டும் என்று தெரிந்து கொடுங்கள். அந்த ஐசி வேலை செய்வது 18 வரை, சாகாமல் தாங்கும் எல்லை 20.

ஃபில்டர் கண்டன்சர் எவ்வளவு போட வேண்டும்?

இழுக்கும் ஆம்பியரைக் கண்டன்சரின் ஃபாரடாலும் நூறாலும் வகுத்தால் சப்ளை எத்தனை வோல்ட் குலுங்கும் என்று தெரியும். 2 ஆம்பியர், 4700 மைக்ரோ ஃபாரட்: நாலு வோல்ட்டுக்கு மேல் குலுக்கல். பாஸ் அடிக்கும்போது குரல் கிழிவது இதனால்தான், ஐசியைக் குறை சொல்லாதீர்கள். 10,000 மைக்ரோ போட்டால் இரண்டு வோல்ட்டாகக் குறையும். கூடவே ஐசியின் காலுக்கு ஒட்டி ஒரு 0.1 மைக்ரோ, அது தள்ளிப் போகப் போகப் பயன் குறையும். பெரிய கண்டன்சரை ஹீட்சிங்க், அதாவது ஐசியின் சூட்டை இறக்கும் அலுமினியத் தகடு, மேல் சாய்க்காதீர்கள். சூடு பத்து டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், கூடினால் பாதியாகும்.

பாட்டு இல்லாதபோது 'ம்ம்ம்' என்று இரைகிறது. எப்படிப் போக்குவது?

முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். இரைச்சல் குறைந்தால் அது இன்புட் பக்கத்தில் இருந்து வருகிறது, ஷீல்டு வயர் சரியில்லை. குறையவே இல்லை என்றால் சப்ளை அல்லது எர்த் போட்ட விதம்.

எர்த்தை ஒரு குளத்து மடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கண்டன்சரை நிரப்பும் மின்னோட்டம் துடிதுடித்து வரும் வெள்ளம், இன்புட் எர்த் சின்ன வாய்க்கால். இரண்டையும் ஒரே செப்புப் பட்டையில் ஓட விட்டால் வெள்ளம் வாய்க்காலில் ஏறும், ஸ்பீக்கரில் நூறு ஹெர்ட்ஸ் கேட்கும். பெரிய கண்டன்சரின் மைனஸ் காலை நடுப்புள்ளியாக வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் நடுமுனை, ஐசியின் பவர் எர்த், இன்புட் எர்த், பாடி எர்த் எல்லாம் தனித்தனி வயராக அங்கே வரட்டும். டிடிஏ 7297இல் பவர் எர்த் 8ஆம் கால், சிக்னல் எர்த் 9ஆம் கால் என்று பிரித்துக் கொடுத்திருப்பதே இதற்குத்தான், பக்கத்துப் பக்கத்துக் கால் என்று ஈயத்தால் ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரைச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும்.

எல்ஏ 4440 போர்டு என்றால் இரைச்சலில் பாதி அதன் பிறவிக்குணம். அதன் கெயின் 51.5 டெசிபல், அதாவது உள்ளே போவதை 370 மடங்குக்கு மேல் பெருக்கும். பத்து மில்லிவோல்ட் போனாலே முழுச் சத்தம். கேசட் பிளேயர் காலத்தில் அது வசதி. இப்போது செல்போன் அரை வோல்ட் தருகிறது, அதை வால்யூம் திருகும் பொட்டில் நசுக்கி நசுக்கி உள்ளே விடுகிறோம், கூடவே சுற்றி இருக்கிற குப்பை எல்லாம் 370 மடங்காகிறது. டிடிஏ 7297 பெருக்குவது 40 மடங்குதான்.

வால்யூம் கன்ட்ரோல் லேசாகத் திருப்பினாலே அலறுகிறது.

திருப்பும் அளவுக்கே சீராக மாறும் லீனியர் பொட் போட்டிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு, காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப மெல்லத் தொடங்கும் லாக் பொட் வேண்டும், பெரும்பாலும் 'ஏ' என்று எழுதியிருக்கும், லீனியர் 'பி'. 47 கிலோ ஓம் இரட்டைப் பொட் எடுங்கள். பொட்டுக்கும் ஐசிக்கும் நடுவில் 0.22 மைக்ரோ கண்டன்சர் போதும், 7297இன் இன்புட் தடை 30 கிலோ ஓம் என்பதால் 24 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இதைப் பெரிதாக்கினால் பாஸ் கூடும் என்று 10 மைக்ரோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுவது ஆன் செய்யும்போது வரும் 'டம்' மட்டும்.

ஸ்பீக்கருக்குத் தொடரில் பெரிய கண்டன்சர் எதற்கு?

பிரிட்ஜ் இல்லாத, ஒற்றை சப்ளை ஐசிக்கு மட்டும் அது கட்டாயம், சப்ளையில் பாதி வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்க. 4 ஓமுக்கு 1000 மைக்ரோ போட்டால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும், 470 போட்டால் 85லேயே. பாஸ் இல்லை என்று வருகிற பழைய பெட்டிகளில் இந்தக் கண்டன்சர் காய்ந்து போயிருக்கும், மாற்றினால் ஆள் புதுசு மாதிரி பாடும்.

ஹீட்சிங்க் எவ்வளவு பெரியது?

கையால் அஞ்சு நொடி பிடிக்க முடிகிற அளவுக்கு. டிடிஏ 7297ஐ 16.5 வோல்ட்டில் 8 ஓமோடு ஓட்டினால் மோசமான நேரத்தில் இரண்டு சேனலும் சேர்த்து 14 வாட் வரை சூடாகவே போகும், 12 வோல்ட்டில் அதில் ஏறக்குறையப் பாதி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் காற்றே 45 டிகிரி என்பதை மனதில் வைத்துப் பெரிதாகவே போடுங்கள். இன்னொன்று: 7297இன் முதுகுத் தகடு எர்த், நேராகத் திருகலாம். 2030இன் முதுகு மைனஸ் சப்ளை, நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் பாடியில் திருகினால் சப்ளை ஷார்ட். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துத் திருகி வாங்கிக்கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

மதுரையில் இருக்கிற மச்சான் வீட்டுப் பெட்டி பத்து வருஷமாகப் பாடுகிறது. அதே சர்க்கியூட், எனக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஏன்?

உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். வேறு காரணம் தேட வேண்டாம். காற்றில் வரும் உப்புத்தூள் போர்டில் படியும், பகலில் சும்மா இருக்கும், இரவில் ஈரம் ஏறியதும் அது மின்சாரம் கடத்தும் திரவமாகிவிடும். வாடைக்காற்று தொடங்கி, ஐப்பசி கார்த்திகை மழையோடு சேர்ந்தால் பகலிலும் காயாது. செப்புப் பட்டை பச்சை பூக்கும். சப்ளையில் பாதி வோல்ட் நிற்கிற காலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பட்டையே அரித்துக் காணாமல் போயிருக்கும், டிசி எப்போதும் நிற்கிற இடத்தில் அரிப்பு வேகமாக நடக்கும். வலிநோக்கம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் இருந்து வந்த ஒரு போர்டில் பொட்டின் கார்பன் தடத்துக்கு மேல் உப்பு பொரிந்து கிடந்தது, வால்யூமைத் தொடாமலே ஏறி இறங்குகிறது என்று அந்த வீட்டம்மா பயந்துபோய்க் கொண்டுவந்தார்.

என்ன செய்யலாம்? ஈயம் வைத்து முடித்ததும் ஃபிளக்ஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் முழுக்கக் கழுவுங்கள். பிசினோடு விட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பின், மழை இல்லாத நாளின் மத்தியானத்தில், போர்டு கோட்டிங் ஸ்பிரே இரண்டு தடவை அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த மாதிரி ஆகும். ஸ்பிரே கிடைக்காத அவசரத்துக்கு நகப்பாலிஷ் பூசலாம், நானே பூசியிருக்கிறேன், ஆனால் அடுத்த தடவை ரிப்பேருக்குச் சுரண்டும்போது பூசினவரைத் திட்டுவீர்கள். பொட், சுவிட்ச், சாக்கெட் இவற்றில் மட்டும் பட்டுவிடக் கூடாது. வயர் வெள்ளீயம் பூசியதாக வாங்குங்கள். வெறும் செம்பு வயரில் அரிப்பு உறைக்குள்ளேயே முழக்கணக்கில் ஏறும், வெளியே பார்த்தால் தெரியாது. ஹீட்சிங்க் அலுமினியம், திருகு இரும்பு, நடுவில் உப்புநீர் என்றால் அது ஒரு சின்ன பேட்டரி, அலுமினியம் மாவாக உதிரும். எவர்சில்வர் திருகு போட்டு, தொடும் இடத்தில் கிரீஸ் வையுங்கள்.

பெட்டிக்குள் ஃபேன் வேண்டாம். சென்னைக்காரர் வீடியோவில் ஃபேன் வைக்கிறார் என்று நாமும் வைத்தால் நாள் முழுக்க உப்பை உள்ளே இறைக்கிற வேலையைத்தான் அது செய்யும். பெரிய ஹீட்சிங்கைப் பெட்டிக்கு வெளியே முதுகில் பொருத்தி, பெட்டியை மூடிவிடுங்கள். ஸ்பீக்கரில் பேப்பர் கோன் நமத்துப் போகும், பிளாஸ்டிக் கோன் நல்லது.

படகில் வைக்க என்ன வித்தியாசமாகச் செய்ய வேண்டும்?

முதலில் பேட்டரி எத்தனை வோல்ட் என்று பாருங்கள், கேட்காதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும், 7297 தாங்கும். இரண்டு பேட்டரியைத் தொடரில் போட்டு 24 ஆக்கியிருந்தால் 7297 வேண்டவே வேண்டாம். டிபிஏ 3116 போடலாமே என்பார்கள், 26 வோல்ட் வரை ஓடும் ஐசி. ஆனால் 24 வோல்ட் பேட்டரி சார்ஜாகும்போது 28ஐத் தாண்டும். துறைக்கு உள்ளே சோதித்தபோது அருமையாகப் பாடியது, எஞ்சினை முடுக்கிக் கடலுக்குப் போனதும் செத்தது என்று ஒரு பெட்டி வந்ததே, காரணம் இதுதான். நடுவில் 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். இரண்டில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 எடுக்காதீர்கள், ஒன்று வற்றி இன்னொன்று பொங்கும்.

வயர் அடுத்தது. படகின் முன்பக்கம் அணியத்தில் ஸ்பீக்கரும் பின்னால் பேட்டரியும் என்றால் போக வர 20 மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 4 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.8 வோல்ட் வழியிலேயே போகும், 2.5இல் அரை வோல்ட் சொச்சம்தான். ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒட்டி இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட்டானபோது அது காப்பாற்றாது, டீசல் இருக்கிற இடம், விளையாட்டில்லை. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் காப்பாற்ற ஃபியூஸுக்குப் பின்னால் ஒரு பெரிய டையோடைக் குறுக்கே தலைகீழாகப் போடுங்கள், டையோடு ஃபியூஸை எரித்து ஐசியைக் காக்கும். இருட்டில் பேட்டரி மாற்றுகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது.

விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கரகரவென்று வந்தால், இன்புட்டில் தொடரில் 1 கிலோ ஓம், ஐசி காலில் இருந்து எர்த்துக்கு 470 பைக்கோ. பெரும்பாலும் அடங்கிவிடும்.

சத்தத்தைக் கூட்டினால் 'டுப் டுப் டுப்' என்று அடிக்கிறது.

இதற்குப் பேரே மோட்டார்போட்டிங், மோட்டார் படகுச் சத்தம். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே எலக்ட்ரானிக்ஸ் வார்த்தை. பாஸ் அடிக்கும்போது சப்ளை இறங்குகிறது, அந்த இறக்கம் இன்புட்டுக்குத் திரும்பி வருகிறது, மறுபடி அடிக்கிறது. சாகப்போகிற பேட்டரி, மெல்லிய வயர், காய்ந்த கண்டன்சர், பச்சை பூத்த முனை: இந்த வரிசையில் தேடுங்கள்.

டிஜிட்டல் போர்டு போட்டதில் இருந்து பக்கத்தில் இருக்கிற ரேடியோ எடுக்கவில்லை.

டிஜிட்டல் என்று விற்கிற கிளாஸ் டி ஐசிகள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை சுவிட்ச் ஆகின்றன. டிபிஏ 3116ஐ 400 கிலோ ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரட்டிப்பு 800, மும்மடங்கு 1200, இரண்டும் மீடியம் வேவ் நடுவில் வந்து உட்காரும். அந்தக் கரையின், அதாவது இலங்கையின், மீடியம் வேவைத் தேடிக் கேட்கிற தாத்தாக்கள் இருக்கிற வீட்டில் இது சண்டையில் முடியும். போர்டில் காயில் வைத்த ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள், ஸ்பீக்கர் வயரைக் குட்டையாகவும் முறுக்கியும் இழுங்கள். இல்லையென்றால் 7297க்கே திரும்பி வாருங்கள், அது சூடாகும், ஆனால் ரேடியோவைக் கெடுக்காது. பேட்டரியில் ரொம்ப நேரம் ஓட வேண்டும் என்றால் மட்டும் கிளாஸ் டி.

டூப்ளிகேட் ஐசியைக் கண்டுபிடிப்பது எப்படி?

விலைதான் முதல் அடையாளம். எல்ஏ 4440 சான்யோவின் ஐசி, அந்த செமிகண்டக்டர் பிரிவையே 2011இல் ஆன் செமிகண்டக்டர் வாங்கிவிட்டது. இன்றும் சான்யோ முத்திரையோடு புத்தம்புதுசாகக் குவியல் குவியலாகக் கிடைக்கிறது என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பழைய நல்ல ஐசியை எடுத்து எடை போட்டுப் பாருங்கள், போலியில் முதுகுச் செம்பு மெலிதாக இருக்கும், கையில் வித்தியாசம் தெரியும். தின்னரைத் தொட்டுத் தேய்த்தால் சிலதில் எழுத்து வந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

டிடிஏ என்று தொடங்குவதெல்லாம் ஒரே கம்பெனி என்று நினைக்க வேண்டாம், அது ஐரோப்பியப் பெயரிடும் முறை, பிலிப்ஸும் போட்டது, எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸும் போட்டது. எண் ஒன்று மாறினால் கால்வரிசையே மாறும்.

ஆன் செய்யும்போது 'டம்' என்று அடிக்கிறதே?

7297இல் 6ஆம் கால் மியூட், குரலை அடைப்பது; 7ஆம் கால் ஸ்டாண்ட்பை, ஐசியைத் தூங்க வைத்து எழுப்புவது. ஸ்டாண்ட்பை முதலில் எழ வேண்டும், மியூட் கொஞ்சம் தாமதித்து. மியூட் பக்கம் ரெசிஸ்டரும் கண்டன்சரும் பெரிதாகப் போட்டால் அந்தத் தாமதம் கிடைக்கும். மலிவு போர்டுகளில் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள், அதான் சத்தம்.

ஒரே ஸ்பீக்கர்தான் இருக்கிறது. இடது வலது வெளியீட்டைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இன்புட்டில் சேருங்கள், இடது வலது இரண்டிலும் தொடரில் 4.7 கிலோ ஓம் வைத்து. போனின் இரண்டு முனையையும் வெறுமனே முறுக்குவதும் தப்பு.

எல்லாம் பொருத்திவிட்டேன். முதல் முறை கரண்ட் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், ஒன்றை பிளஸ் வயரில் தொடராக வையுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், இன்புட் வேண்டாம். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் சரி, முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் ஐசி இன்னும் உயிரோடு இருக்கும். அணைந்ததா, மீட்டரை எடுத்து நாலு வெளியீட்டுக் காலையும் எர்த்துக்கு அளந்து பாருங்கள், எல்லாம் 6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு சேனலின் இரண்டு கால்களுக்கு நடுவில் அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் ஸ்பீக்கரைக் கட்டாதீர்கள், பட்டைகளுக்கு நடுவில் ஈயம் ஒழுகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இல்லையென்றால் பல்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் கிடக்கிற உதவாத ஸ்பீக்கரை முதலில் கட்டி, ஒரு பாட்டைப் போடுங்கள். நல்ல ஸ்பீக்கர் மறுநாள்.